டர்பனில் ரோமானிய வெள்ளிக் காசு வாங்க விரும்புவோருக்கு: ஒரு கடையின் மதிப்புரை

ரோமானியப் பேரரசின் வெள்ளிக் காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்து, எடை போட்டு, விலை பேசி வாங்கக்கூடிய கடை ஒன்று டர்பனில் உண்டு. பெரேயா மேட்டுப் பகுதியில் ஒரு மாடி அறையில் நடக்கும் அந்தக் கடையின் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம் என்று உரிமையாளர் பாதுகாப்புக் கருதிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாணயச் சேகரிப்பில் ஈடுபாடுள்ளவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு அசலா போலியா என்ற கேள்வியில் இந்தக் கடையை நம்பலாம். காசின் மீதுள்ள உருவங்களை வாங்குபவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்வதில் இதற்கு இணையான கடையை நான் தென்னாப்பிரிக்காவில் கண்டதில்லை. ஆனால் ஒரு காசு எந்த மண்ணிலிருந்து, யார் யார் கைமாறி இங்கே வந்து சேர்ந்தது என்று கேட்டால் கடையிடம் போதிய விடை இல்லை. இந்தக் குறை மற்றவர்களைவிடத் தமிழர்களாகிய நம்மைக் கூடுதலாக உறுத்த வேண்டும். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கடையின் வருமானம் பெரும்பாலும் குரூகர்ராண்டு தங்கக் காசுகளையும் பழைய தென்னாப்பிரிக்கக் காசுகளையும் நம்பியே இருக்கிறது. ரோமானியக் காசுகளுக்கென்று உள்ளறையில் ஒரு மேசையும், துணி விரித்த மரத் தட்டுகளும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியும், சிறு மின்தராசும் இருக்கின்றன. தட்டுகள் பேரரசர்களின் கால வரிசைப்படி அடுக்கப்பட்டிருப்பதால், இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போனாலே ரோமின் ஏற்றமும் தாழ்வும் வெள்ளியின் நிறத்திலேயே தெரிந்துவிடுகிறது. இப்படி அடுக்கியது யாருடைய யோசனையோ, அவரைப் பாராட்ட வேண்டும்.

தெனாரியஸ் என்னும் இந்த வெள்ளிக் காசு கி.மு. 211 ஆம் ஆண்டையொட்டி, கார்த்தேஜ் படைத்தலைவன் ஹானிபலுடன் நடந்த போரின் நெருக்கடியில் ரோம் வெளியிடத் தொடங்கியது. குடியரசுக் காலம் நெடுகிலும் அதில் தெய்வங்களும், காசடிக்கும் பொறுப்பிலிருந்த குடும்பங்களின் முன்னோரும்தான் இடம்பெற்றார்கள். உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைப் பொறிப்பது அரசர்களுக்குரிய வழக்கம் என்று கருதப்பட்டதால் ரோமானியர் அதை வெறுத்தார்கள். கி.மு. 44 இல் ஜூலியஸ் சீசரின் தலை ரோம் நகரத்துக் காசிலேயே வந்தபோது அந்தத் தடை உடைந்தது. அவரைக் கொன்றவர்களுள் ஒருவரான புரூட்டஸ் சிறிது காலத்திற்குள் தம் முகத்தையே காசில் பொறித்து, மறுபக்கத்தில் இரண்டு குத்துவாள்களையும் நடுவில் விடுதலைத் தொப்பியையும் இட்டார் என்பது, அந்த உருவங்களுக்கு இருந்த வலிமையைக் காட்டுகிறது. அவ்வளவு அரிய காசை இந்தக் கடையில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதன் படத்தைக் காட்டித்தான் உரிமையாளர் எவருக்கும் பேச்சைத் தொடங்குகிறார். காசை வெறும் பழம்பொருளாக விற்காமல், ஆட்சியாளர் ஒருவர் குடிமக்களின் கைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த அறிவிப்பாக அறிமுகப்படுத்துவது சரியான தொடக்கம் என்று நினைக்கிறேன்.

நான் நெடுநேரம் பார்த்தது அகஸ்டஸ் தட்டிலிருந்த ஒரு காசை. முன்பக்கத்தில் வாகை சூடிய தலை வலப்புறம் நோக்கியிருக்கிறது. சுற்றிலும் 'தெய்வமானவரின் மகன் சீசர் அகஸ்டஸ், நாட்டின் தந்தை' என்ற பொருள்படும் லத்தீன் எழுத்துகள். 'நாட்டின் தந்தை' என்னும் பட்டம் அவருக்குக் கி.மு. 2 இல் வழங்கப்பட்டது. ஆகவே காசு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. காசில் இருப்பதோ சுருக்கமே இல்லாத இளைஞனின் கன்னம், கூரிய மூக்கு, நெற்றியில் ஒழுங்காகச் சரிந்த மயிர்க்கற்றை. எழுபத்தைந்து வயதில் இறக்கும்வரை அவர் காசுகளில் மூப்படையவே இல்லை. பின்பக்கத்தில் அங்கி அணிந்த இரண்டு இளைஞர்கள் நம்மை நோக்கி நிற்கிறார்கள். இருவருக்கும் இடையில் இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும், அவற்றுக்கு மேல் பூசைக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கின்றன. அவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்களான கையஸும் லூசியஸும். இருவரையும் அவர் மகன்களாகவே தத்தெடுத்துக்கொண்டார். 'அகஸ்டஸின் மைந்தர், கான்சல் என்னும் உயர் பதவிக்குத் தேர்வானவர், இளைஞர்களின் தலைவர்' என்று எழுத்துகள் அறிவிக்கின்றன. அடுத்த ஆட்சி யாருக்கு என்பதைப் பேரரசின் எல்லைவரை அறிவித்த காசு இது. லூசியஸ் கி.பி. 2 இலும் கையஸ் கி.பி. 4 இலும் இறந்துபோனார்கள். அரசுரிமை டைபீரியஸுக்குப் போயிற்று. உருப்பெருக்கியின் கீழே பார்த்தபோது, இரண்டு இளைஞர்களில் ஒருவரின் முகம் தேய்ந்து வெறும் மேடாகிவிட்டிருந்தது. மற்றவரின் அங்கி மடிப்புகள் மட்டும் கூர்மையாக நின்றன. கரண்டியின் கைப்பிடியில் மண்ணின் கருமை இன்னும் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்காமல் விட்டதற்காகவே கடைக்காரருக்கு நன்றி சொல்லலாம்.

இந்தக் காசில் நான் இவ்வளவு நேரம் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்துள்ள ரோமானிய வெள்ளிக் காசுகளில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டே வகை: ஒன்று இந்தக் கையஸ், லூசியஸ் காசு, மற்றொன்று டைபீரியஸின் காசு. கரூர், வெள்ளலூர், பொள்ளாச்சி என்று கொங்கு நாட்டு ஊர்களில் புதையல்களாக வெளிப்பட்ட காசுகளுள் இவை முன்னிற்கின்றன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியஸைப் பேரரசிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைப்பட்டுக்கொண்டார். நான்கு செஸ்டர்ஷியஸ் ஒரு தெனாரியஸ் என்பதால், அது ஒன்றேகால் கோடி வெள்ளிக் காசுகளுக்குச் சமம். அவர் கணக்கு எவ்வளவு துல்லியமோ, மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கற்களுக்கும் ஈடாக வெள்ளி நம் கரைக்கு வந்ததை மண்ணே சொல்கிறது. டர்பனில் வாழும் ஒரு தமிழர் முதல் ரோமானியக் காசு ஒன்று வாங்க நினைத்தால், இந்த வகையையே வாங்கலாம் என்பது என் பரிந்துரை. கடையில் இதன் விலை தேய்மானத்தைப் பொறுத்து ஏறத்தாழ 5,000 ரேண்டிலிருந்து தொடங்குகிறது. அது நியாயமான விலைதான்.

டைபீரியஸ் காசுக்கு அதே தேய்மானத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். முன்பக்கத்தில் 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்ற பட்டத்தோடு அவர் தலை. பின்பக்கத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். 'தலைமைப் பூசகர்' என்ற எழுத்து. அந்தப் பெண் அவருடைய தாய் லிவியா என்று பலரும் கருதுகிறார்கள். 'இராயனுக்குரியதை இராயனுக்கும்' என்று விவிலியத்தில் சொல்லப்படும் இடத்தில் காட்டப்பட்ட வரிக்காசு இதுவே என்னும் நம்பிக்கைதான் விலையை ஏற்றுகிறது. டைபீரியஸின் ஆட்சிக் காலமான கி.பி. 14 முதல் 37 வரையிலான ஆண்டுகளின் பெரும்பகுதியில், இன்றைய லியோன் நகரத்தில் இந்த ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். ஆகவே இது அரிய காசு அன்று. நம்பிக்கையின் பொருட்டு வாங்குபவரைக் குறைசொல்ல மாட்டேன். வரலாற்றுக்காக வாங்குபவர் அந்தப் பணத்தில் இரண்டு நல்ல காசுகளை எடுத்துவிடலாம்.

பின்வந்த பேரரசர்களின் தட்டுகளில் முகங்கள் மாறுகின்றன. நீரோவின் கழுத்து ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகிறது. கி.பி. 69 இல் ஆட்சிக்கு வந்த வெஸ்பாசியன், அகஸ்டஸைப்போல் இளமை வேடம் போடாமல், வழுக்கைத் தலையும் சுருங்கிய நெற்றியுமாக ஒரு கிழட்டுப் படைவீரனாகவே தம்மைக் காட்டிக்கொள்கிறார். அவருடைய காசின் பின்பக்கத்தில் வெற்றிச் சின்னத்தின் கீழே யூதேயா நாடு ஒரு பெண்ணாகக் குனிந்து அமர்ந்து அழுகிறது. தோற்றவர்களின் துயரத்தை வென்றவர் இவ்வளவு அழகாகச் செதுக்கியிருப்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது. அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80 இல் வெளியிட்ட யானைக் காசும் இருந்தது. கொலோசியத்தின் தொடக்க விழா விளையாட்டுகளோடு தொடர்புபடுத்தப்படும் காசு அது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர் விட்டுவிடக் கூடாத காசு ஹேட்ரியனுடையது. பேரரசு முழுவதும் பயணம் செய்த அவர், தாம் கண்ட நாடுகளை ஒவ்வொரு பெண்ணுருவாகக் காசுகளில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் 'ஆப்பிரிக்கா' என்ற பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. யானைத் தோலைத் தலையணியாக அணிந்த பெண் ஒருத்தி சாய்ந்து கிடக்கிறாள். வலக்கையில் தேள், இடக்கையில் வளம் நிறைந்த கொம்பு, காலடியில் தானியக் கூடை. நெற்றிக்கு மேலே தும்பிக்கை மட்டும் தனியாக நீண்டு எழுவது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ரோமானியர் அந்தப் பெயரால் குறித்தது இன்றைய துனிசியாவையும் அதன் சுற்றுப்புறத்தையும்தான். இந்தக் கண்டத்தின் தென்முனையை அவர்கள் அறியார். ரோமுக்குத் தானியம் அனுப்பிய மாகாணம் அது என்பதால்தான் கூடை இருக்கிறது. நாட்டைப் பெண்ணாக்கி, அவள் மடியிலுள்ள விளைச்சலைத் தனதென்று அறிவிக்கும் இந்த ஆட்சி மொழி, கரும்புத் தோட்டங்களுக்காக நாதாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த நமக்குப் புரியாததன்று.

செப்டிமியஸ் செவரஸின் தட்டு வந்ததும் வெள்ளியின் நிறம் மங்குகிறது. லெப்டிஸ் மாக்னாவில், அதாவது இன்றைய லிபியாவில், பிறந்த இந்தப் பேரரசர் படைவீரர்களின் ஊதியத்தை உயர்த்தினார்; அந்தச் செலவுக்காகத் தெனாரியஸில் வெள்ளியை ஏறத்தாழப் பாதியாக்கினார். சரிவு அவரிடம் தொடங்கவில்லை. அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்தார்கள். காசு ஒன்று 3.9 கிராம் அளவில் இருந்தது. நீரோ கி.பி. 64 இல் அதை 96 ஆக்கி எடையைக் குறைத்ததோடு, வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். இந்தியப் புதையல்களில் நீரோவுக்கு முந்திய காசுகளே மிகுந்திருப்பதற்கு, நல்ல வெள்ளியைத் தெரிந்து வாங்கிய வணிகர்களின் தேர்வே காரணம் என்பது பரவலான கருத்து. கி.பி. 215 இல் காரகல்லா, கதிர்முடி சூடிய தம் தலையோடு, இரண்டு தெனாரியஸ் மதிப்பென்று கருதப்படும் புதுக் காசை வெளியிட்டார். அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரைக் காசுக்குத்தான் போதும். அடுத்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அது வெள்ளி பூசிய செம்பாகவே முடிந்தது. கடைசித் தட்டின் காசுகள் சில நூறு ரேண்டுக்கே கிடைக்கின்றன. பள்ளி மாணவருக்குப் பரிசாகக் கொடுக்க ஏற்றவை.

சோதிக்கும் முறையில் கடை சிறந்து நிற்கிறது. எந்தக் காசைக் கேட்டாலும் முதலில் உங்கள் முன்னாலேயே எடை போடுகிறார்கள். பிறகு விளிம்பைக் காட்டுகிறார்கள். கடையில் உதவிக்கு இருக்கும் இளம்பெண் நம்மவர். "அங்கிள், முகத்தை அப்புறம் பாருங்கள், முதலில் ஓரத்தைப் பாருங்கள்" என்று சொல்லித்தான் உருப்பெருக்கியை நீட்டுகிறார். வார்ப்பில் செய்த போலியாக இருந்தால் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடோ, அதை அராவிய தடமோ தெரியும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். எழுத்துகளின் ஓரம் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். சம்மட்டியால் அடித்த அசல் காசில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடிய கோடுகள் தெரியும்; அடித்த வேகத்தில் விளிம்பு சிறிது வெடித்திருப்பதும் உண்டு. அடுத்து அவர் எடுத்துக் காட்டியது, செம்பு உள்ளீட்டின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய ஒரு பழங்காலக் கள்ளக்காசு. அகஸ்டஸின் காதருகே தகடு கிழிந்து, உள்ளே பச்சை படிந்த செம்பு எட்டிப் பார்த்தது, தராசு 2.9 கிராம் காட்டியது. ரோமானியர் காலத்திலேயே ஊரை ஏமாற்றிய அந்தக் காசை 'போர்த்திய காசு' என்று சீட்டெழுதிக் குறைந்த விலையில் விற்கிறார்கள். இந்த வெளிப்படைத்தன்மையே கடையின் மீது எனக்கு நம்பிக்கை தந்தது.

தரம் குறிப்பதிலும் நேர்மை உண்டு. தேய்மானம், உருவம் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது, பரப்பின் நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுகிறார்கள். இது முக்கியம், ஏனெனில் தேயாத காசிலும் பேரரசரின் மூக்கு விளிம்புக்கு வெளியே போயிருக்கலாம். பளபளவென்று தேய்த்துக் கழுவிய காசுகளுக்குச் சீட்டிலேயே அதைக் குறிக்கிறார்கள். இயல்பான கருஞ்சாம்பல் படிவோடு இருப்பதையே வாங்குங்கள். தேய்த்துப் போக்கிய படிவு திரும்ப நூறு ஆண்டு ஆகலாம்.

இனிக் குறைகள். விற்கும் காசை மென்மையான பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்கள். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் பொருள் நாளடைவில் காசின்மேல் பச்சைப் பிசுபிசுப்பாகப் படியும். டர்பனின் ஈரப்பதத்தில் நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்குப் போனதும் மைலார் என்னும் கசியாத பிளாஸ்டிக் உறைக்கோ மரத் தட்டுக்கோ மாற்றிவிட வேண்டும். இத்தனை விவரம் அறிந்த கடை சில ரேண்டு செலவில் நல்ல உறையைத் தராதது ஏனென்று விளங்கவில்லை. பின்பக்க உருவங்களை வாயால் இவ்வளவு நன்றாக விளக்குபவர்கள், சீட்டில் பேரரசர் பெயரையும், நாணயப் பட்டியல் நூலில் அந்தக் காசுக்குள்ள எண்ணையும் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை என்பதும் குறைதான். வாங்கியவரின் பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் போய்ச் சேராது.

பெரிய குறை வேறு. ஒரு தட்டின் ஓரத்தில் 'தென்னிந்தியாவில் கிடைத்தது' என்று பென்சிலால் எழுதிய பழைய காகித உறையோடு ஒரு டைபீரியஸ் காசு இருந்தது. பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அதன் மேல்விளிம்பில், தொங்கவிட்டு அணிவதற்காகத் துளையும் இட்டிருந்தார்கள். நம் நாட்டில் கிடைத்த ரோமானியக் காசுகளில் இப்படிப்பட்ட வெட்டுகளும் துளைகளும் காணப்படுவது உண்மை. புதுக்கோட்டைப் புதையலின் தங்கக் காசுகளில் பேரரசர்களின் முகங்களே வெட்டப்பட்டிருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்து, பிரிட்டோரியாவிலேயே அடித்த பவுன் காசுகளை நம் பாட்டிமார் சங்கிலியில் கோத்து அணிந்ததை நினைத்துப் பார்த்தால், அந்தத் துளையை இட்ட பெண்ணின் மனம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அந்தக் காசை வாங்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் எப்போது, யார் வழியாக இந்தியாவை விட்டு வெளியேறியது என்று கேட்டபோது, ஒரு மூதாட்டியின் உடைமைகளோடு வந்தது என்பதைத் தவிர உரிமையாளரால் எதையும் காட்ட முடியவில்லை. இந்தியாவில் 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கண்டெடுத்த புதையலை அரசுக்கு அறிவிக்கச் சொல்கிறது; 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கிறது. அதற்கு முன்பே முறையாக வெளியேறிய காசாகவும் இது இருக்கலாம். அதை நிறுவ ஒரு பழைய ரசீதோ, ஏலப் பட்டியலின் பக்கமோ வேண்டும். அது இல்லாதவரை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்திருக்க வேண்டிய ஒன்றை என் மேசையில் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஐரோப்பிய மண்ணில் கிடைத்த காசுகளுக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதால், கடை தன்னிடம் வரும் ஒவ்வொரு காசுக்கும் விற்றவர் விவரத்தையும் ஆண்டையும் பதிவு செய்யத் தொடங்க வேண்டும் என்று உரிமையாளரிடம் நேரிலேயே சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டார், அடுத்த தட்டிலிருந்த சில காசுகளுக்குப் பழைய லண்டன் ஏலச் சீட்டுகள் இருப்பதை எடுத்தும் காட்டினார். அத்தகைய காசுகளுக்குச் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

வாங்கும் நிபந்தனைகள் ஒழுங்காக இருக்கின்றன. காசின் படம், எடை, பட்டியல் எண் ஆகியவற்றோடு எழுத்து மூலம் உறுதிச் சீட்டு தருகிறார்கள். பின்னாளில் போலியென்று நிறுவப்பட்டால் காலவரம்பின்றிப் பணத்தைத் திருப்பித் தருவதாக அதில் எழுதியிருக்கிறது. குறித்த விலையில் 15 விழுக்காடு வாட் வரி அடங்கும். விலை கூடிய காசுகளை லே-பை முறையில் மாதத் தவணையாகச் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம். முதல் தவணை கட்டும் நாளிலேயே உறுதிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளறைக்கு அனுமதி இல்லை. தொலைபேசியில் நேரம் கேட்கும்போதே எந்தப் பேரரசரின் தட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், பெட்டகத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்திருப்பார்கள்.